கதையும் கையும்
யவனர் புராணங்களும் கைவினைஞரும் பற்றிய ஒரு பாடம்



சென்ற ஆனிப் பௌர்ணமியன்று, மட்டாஞ்சேரியில் நாம் கூடும் மாடி அறையில் பஞ்சசீலம் ஏற்று முடிந்ததும், ஓர் இளைஞர் எழுந்து நின்றார். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். தந்தையாரும் அத்தொழிலே செய்தவர். பிளெக்ஸ் அச்சு வந்த நாள்தொட்டு அவருக்கு வேலை மிகவும் குறைந்துவிட்டது. அண்மையில் ஒரு கோயில் விழாக் குழுவினர் அவரை அழைத்து, தாமரைமேல் இலக்குமி அமர்ந்திருக்க இருபுறமும் யானைகள் நீர் சொரியும் காட்சியை எட்டடிப் பலகையில் எழுதித் தரும்படி கேட்டு, அச்சாரமும் கொடுத்தனர். இதனைக் கேள்வியுற்ற நம் அன்பர்களுள் மூத்தவர் ஒருவர், இருபத்திரண்டு உறுதிமொழி எடுத்த கை அந்தக் கையா என்று கடிந்துகொண்டாராம்.

"ஐயா, அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? அதில் பாதி பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் போய்விட்டது" என்று கேட்டார் இளைஞர்.

உடனே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்தாறு ஆண்டு நூற்பாலையில் ரிங் பிரேமின் முன் நின்றவன் நான். நான் நூற்ற நூலில் எது கோயில் கொடியாயிற்று, எது பிணத்துக்குப் போர்வையாயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வாறு கேளாதிருந்தது சரிதானா என்பதே எனக்கு ஐயமாயிற்று. ஆதலின், "தம்பி, வரும் ஞாயிறு காலை அரண்மனை வாயிலுக்கு வந்து சேரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நம் ஊர் அரண்மனையை அறியாதார் இல்லை. 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேசியர் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்தது. 1663க்குப் பின் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் எழுதப்பட்டுள்ளது. தசரதன் பிள்ளை வேண்டி யாகம் செய்வது தொடங்கி இராமன் அயோத்திக்கு மீள்வது வரை உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும். ஒரு விரற்கடை வெற்றிடம் காண்பது அரிது. மஞ்சட்காவி, செங்காவி, பச்சை, கறுப்பு, வெள்ளை ஆகிய ஐந்தே நிறங்கள். மஞ்சளும் சிவப்பும் காவிக்கல்லிலிருந்து வந்தவை. நீலி இலைச் சாற்றோடு ஒரு மரத்தின் மஞ்சட்பிசினைக் கூட்டிப் பச்சை செய்தனர். கறுப்பு, எண்ணெய் விளக்கின் கரி. வெள்ளை, சுவரின் சுண்ணாம்பே.

இளைஞர் கதையைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார். ஒரு முழங்கையின் வளைவைக் காட்டி, "இதைத் தூரிகை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார் ஐயா. கை நடுங்கவே இல்லை" என்றார். மற்றோரிடத்தில் தாமரைமேல் இலக்குமியையும் கண்டார். பின்னர், "இவற்றையெல்லாம் எழுதியவர் யார்?" என்று கேட்டார். கட்டுவித்தவர் பெயர் தெரியும். பழுது பார்த்தவர் பெயர் தெரியும். வாழ்ந்த மன்னர்களின் பெயரும் உருவப்படமும் அங்கேயே உண்டு. எழுதியவர் பெயர் மட்டும் நமக்கு வந்து சேரவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு இங்கிருந்துதான் விடை தொடங்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஆனால் நம் நாட்டுக் கதையையே எடுத்துப் பேசினால் கோபமும் பற்றும் குறுக்கே வரும்; நமக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்று மனம் பிரிந்து நிற்கும். ஆகவே, நமக்கு உறவும் பகையும் இல்லாத ஒரு புராணத்தை எடுத்துக்கொள்வோம். அது யவனருடைய புராணம்.

உறவே இல்லை என்று முழுவதும் சொல்லவும் இயலாது. அயோனியா என்னும் நாட்டுப் பெயரிலிருந்தே யோனர், யவனர் என்ற சொற்கள் வந்தன. கொச்சிக்கு வடக்கே வடபரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளின் ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. பழைய முசிறி அதுவே அல்லது அதனை ஒட்டியது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்த முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிச் சென்ற கப்பல் ஒன்றின் கணக்கு, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஓலையில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ளது. கங்கைக் கரையின் நறுமணப் பொருளும் யானைத்தந்தமும் அதில் கணக்கிடப்பட்டுள்ளன. அக்கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன். ஹெர்மஸ், அபொல்லோ என்னும் இரு யவனத் தெய்வங்களின் பெயரைச் சேர்த்து இட்ட பெயர். நம் மூதாதையர் அந்தக் கப்பலில் மூட்டை ஏற்றியும் இருக்கலாம். அந்தப் பெயருக்கு உரியவர் கதையை அவர்களுக்கு எவரேனும் சொன்னாரோ என்னவோ!

நிற்க. யவனரின் கலை எங்கிருந்து ஊற்றெடுத்தது என்று அவர்களையே கேட்டால், "மூசையரிடமிருந்து" என்பார்கள். மூசையர் ஒன்பது கலைத்தேவியர். ஹெசியோத் என்னும் பழம்புலவர் ஹெலிகான் மலைச்சாரலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் தோன்றிப் பாடும் ஆற்றலைத் தந்தனர் என்று அவரே பாடியிருக்கிறார். தங்களுக்கு உண்மையும் சொல்லத் தெரியும், உண்மை போன்ற பொய்யும் சொல்லத் தெரியும் என்று அத்தேவியரே அவரிடம் ஒப்புக்கொண்டனராம். தன் கலைக்கு ஊற்றான தெய்வமே பொய்யும் சொல்லும் என்று நூலின் முகப்பிலேயே எழுதிவைத்த துணிவை நான் மதிக்கிறேன். நம் நாட்டுப் புராணிகர் எவரிடமும் இதனைக் கேட்டதில்லை.

இந்த ஒன்பதின்மரின் தாய் யார் என்பதுதான் இன்னும் அழகு. அவள் பெயர் நெமோசினி. நினைவு என்பது பொருள். எழுத்துப் பரவாத காலத்தில் நெடுங்காவியத்தைத் தலையில் சுமந்து திரிந்த பாணர்களுக்கு நினைவே தாயாக இருந்தது. நம்மவருக்கு இஃது எளிதில் விளங்கும். பகவான் பரிநிர்வாணம் அடைந்தபின் இராசகிருகத்தில் கூடிய முதற்சங்கத்தில் ஆனந்தர் தம் நினைவிலிருந்தே சூத்திரங்களை ஓதினார் என்பது மரபு. சதி என்னும் பாலிச் சொல்லுக்கு விழிப்பு என்று இன்று பொருள் கொள்கிறோம். அதன் வேர்ப்பொருள் நினைவு. யவனர் நினைவிலிருந்து பாட்டைப் பெற்றனர். நாம் தம்மத்தைப் பெற்றோம்.

புராணம் ஒரு சிற்பியின் உளியில் எவ்வாறு இறங்குகிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஒலிம்பியா நகரில் பீடியாஸ் என்னும் சிற்பி பொன்னும் தந்தமும் கொண்டு தேவர் தலைவன் ஜீயசின் உருவத்தை அமைத்தார். அமர்ந்த கோலத்திலேயே நாற்பதடி உயரம். பண்டைய உலகின் ஏழு வியப்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. எந்த மாதிரியைப் பார்த்து இதனை வடித்தீர் என்று கேட்டதற்கு, ஹோமரின் காவியத்தில் ஜீயஸ் தன் புருவத்தை அசைத்து இசைவு தர, மலையே அதிரும் இடத்தை அவர் குறிப்பிட்டார் என்று ஸ்திராபோ என்னும் ஆசிரியர் எழுதுகிறார். கண் தெரியாதவர் என்று மரபு சொல்லும் ஒரு புலவரின் சில அடிகள் நாற்பதடிச் சிலையாயின. அச்சிலை அழிந்து பல நூற்றாண்டு ஆயிற்று. ஆனால் 1950களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒலிம்பியாவில் அச்சிற்பியின் பட்டறையை அகழ்ந்தபோது, ஆடை மடிப்புகளுக்கான களிமண் அச்சுகளோடு, குடிக்கும் மண்கோப்பை ஒன்றும் வெளிப்பட்டது. "நான் பீடியாசுடையவன்" என்னும் பொருள்பட அதன் அடியில் கீறப்பட்டிருந்தது.

தெய்வத்தின் பொன்னுடல் போயிற்று. தொழிலாளியின் தேநீர்க்குவளை நின்றது! ஆலையில் எங்கள் குவளைகளிலும் பெயர் கீறித்தான் வைப்போம். இல்லையேல் அடுத்த ஷிப்டு ஆள் எடுத்துப் போவான். அந்தக் கோப்பையைப் பற்றிப் படித்த அன்று இரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

இத்தகைய சிற்பியை யவனர் எவ்வாறு மதித்தனர்? கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்த புளூட்டார்க் என்னும் அறிஞர் இதனை ஒளிக்காமல் எழுதிவிட்டார். அந்த ஜீயசைக் கண்டு மகிழும் நல்ல குலத்து இளைஞன் எவனும் பீடியாசாக ஆகவேண்டும் என்று விரும்பமாட்டான் என்பது அவர் கருத்து. வேலை இனிக்கும்; வேலை செய்தவன் கசக்கும். கையால் உழைப்போரைக் குறிக்க அவர்களிடம் இழிவான ஒரு சொல்லே இருந்தது. இந்த நோய்க்கு நம் நாட்டில் என்ன பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் எல்லா இடத்திலும் அவ்வாறு இருந்ததாகச் சொல்லிவிடவும் கூடாது. ஏதென்ஸ் நகரின் குயவர் தெருவில் வாழ்ந்தவர்கள் தம் கலங்களில் தம் பெயரைத் துணிந்து எழுதினர். எக்சீகியாஸ் என்பவர் அவர்களுள் ஒருவர். கலத்தை வனைந்தவரும் ஓவியம் தீட்டியவரும் தாமே என்று எழுதிவைத்தார். கி.மு. 540 முதல் 530 வரையிலான காலத்தில் அவர் செய்த சாடி ஒன்று இன்று வத்திக்கானில் உள்ளது. ட்ராய்ப் போரின் இரு பெருவீரர்களான அக்கில்லீசும் ஏயாசும் ஈட்டியைத் தோளில் சார்த்தியபடியே குனிந்து காய் உருட்டி ஆடுகின்றனர். இருவரும் போரில் மடியப் போகிறவர்கள். ஒருவன் அம்பு தைத்து, மற்றவன் தன் வாளாலேயே. அதைக் கலத்தைக் காண்போர் எல்லோரும் அறிவர். ஆடுகிறவர் இருவரும் மட்டும் அறியார்.

ஹோமரின் காவியத்தில் இந்த ஆட்டம் இல்லை. பெரும்போர்களை விட்டுவிட்டு, போருக்கு நடுவே கிடைத்த ஓய்வு நேரத்தை ஒரு குயவர் தேர்ந்தெடுத்தார். அது பிற கலைஞர்களுக்குப் பிடித்துப்போய், நூற்றுக்கும் மேற்பட்ட கலங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. கதை கைக்கு உணவு தந்தது. கை கதைக்கு ஒரு புதுக்காட்சி தந்தது. ஓய்வின் அருமை உழைப்பவனுக்குத்தான் தெரியும் என்று நான் சொன்னால், அறிஞர்கள் சிரிக்கலாம்.

கூலிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஏதென்ஸ் குன்றின்மேல் எரெக்தெயோன் என்னும் கோயிலைக் கட்டி முடித்த கி.மு. 409ஐ ஒட்டிய ஆண்டுகளின் செலவுக் கணக்கைக் கல்லில் வெட்டி ஊர் நடுவே நிறுத்தினர். அதன் துண்டுகள் கிடைத்துள்ளன. குடிமகன், வெளியூரான், அடிமை ஆகிய மூவரும் ஒரே வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா பெற்றனர். கட்டடத்தை வகுத்து நடத்திய தலைமைக் கலைஞருக்கும் நாட்கூலி அதே ஒரு டிராக்மாதான். புராணக் காட்சி செதுக்கிய சிற்பிகளுக்கு உருவம் ஒன்றுக்கு 60 டிராக்மா. எந்த உருவத்தை எவர் செதுக்கினார் என்பது பெயரோடு உள்ளது. எங்கள் ஆலையில் கூலிச்சீட்டை மறுநாள் கேட்டால் தரமாட்டார்கள். இவர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள்!

ஆனால் அடிமை பெற்ற டிராக்மா பெரும்பாலும் அவன் எசமானனுக்கே போய்ச் சேர்ந்தது. யவனரைப் புகழ்ந்து புகழ்ந்து நாம் இதனை மறந்துவிடலாகாது. பகவானே அஸ்ஸலாயனர் என்னும் பிராமண இளைஞரிடம் பேசும்போது, யோனர் நாட்டிலும் காம்போசர் நாட்டிலும் ஆண்டான், அடிமை என்ற இரண்டே பிரிவு உண்டு. ஆண்டான் அடிமையாவதும் அடிமை ஆண்டானாவதும் உண்டு என்று எடுத்துக்காட்டினார். நான்கு வருணம் உலகமெங்கும் பிரமன் வகுத்த நியதி என்ற வாதத்தை உடைக்க அந்த ஓர் எடுத்துக்காட்டு போதுமானதாயிற்று. அதற்காக அடிமை முறையை அவர் புகழவில்லை.

இனி, யவனத் தேவர்களுள் எனக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒலிம்பஸ் மலையில் இருந்த தேவர்களுள் கையால் வேலை செய்தவர் ஹெபெஸ்தஸ் என்னும் கொல்லர். அவர் கால் ஊனம். ஊனத்தைக் கண்டு வெறுத்த தாயே அவரை வானிலிருந்து எறிந்தாள். கடலில் வீழ்ந்த அவரை இரு கடற்பெண்கள் எடுத்து ஒன்பது ஆண்டு மறைத்துக் காத்தனர். பின்பு தேவர் சபைக்கு மீண்டு, ஒருநாள் விருந்தில் ஓடியோடி மது வார்த்தபோது, அவர் நொண்டி நடப்பதைக் கண்டு தேவர்கள் அடங்காமல் சிரித்தார்களாம். அத்தனை பேரும் இருந்த மாளிகைகளைக் கட்டியவர் அவரே!

அந்தக் கொல்லர் அக்கில்லீசுக்கு ஒரு கேடயம் செய்து கொடுக்கிறார். ஹோமர் அதனை வருணிக்கும் பகுதி காவியத்தில் நீண்ட பகுதிகளுள் ஒன்று. போரும் முற்றுகையும் அதில் ஓரிடத்தில் உண்டு. பிற இடங்களில் உழவர் ஏர் ஓட்டுகின்றனர்; ஒவ்வொரு சால் முடிந்து திரும்பும்போதும் ஒருவன் அவர்கள் கையில் மதுக்கிண்ணம் கொடுக்கிறான். அறுவடை நடக்கிறது, திராட்சை பறிக்கின்றனர், இளைஞர் கைகோத்து ஆடுகின்றனர். எவரெவரையோ கொல்லப்போகிற வீரனின் கேடயத்தில் உழைப்பவரின் ஒரு நாளைக் கொல்லர் பொறித்தார். மது நமக்கு விலக்கு. ஆனால் சாலின் முனையில் உழவனுக்கு ஏதேனும் கொடுக்கவேண்டும் என்று எண்ணிய நெஞ்சை விலக்கவேண்டாம்.

கொல்லரின் மகனார் சுந்தரை இங்கு நினைக்காமல் இருக்க இயலவில்லை. பாவா நகரத்துக் கம்மாளர் அவர். பகவான் கடைசியாக உண்டது அவர் வீட்டு உணவு. அதனை உண்டபின் பகவானுக்கு நோய் முற்றியது. ஊரார் நாளை சுந்தரைப் பழிப்பார்களே என்று எண்ணிய பகவான், தம் வேதனையின் நடுவிலும் ஆனந்தரை அழைத்து, சுந்தருக்கு ஆறுதல் சொல்லும்படி பணித்தார்; தாம் போதி அடையுமுன் உண்ட உணவும் பரிநிர்வாணத்துக்கு முன் உண்ட இந்த உணவும் சமமான பெரும்பலன் உடையவை என்று தெரிவிக்கச் செய்தார். யவனத் தேவர் கொல்லரின் நடையைக் கண்டு சிரித்தனர். பகவான் கொல்லர் மனம் நோகாதிருக்க வழி செய்தார்.

இரண்டும் ஒரே கையில் கூடிய ஓரிடமும் உண்டு. குஷாண மன்னர் கனிஷ்கர் தம் ஆட்சியின் தொடக்கத்தில் யவன எழுத்தில் நாணயம் அடித்தபோது, பகலவன், திங்கள் ஆகிய தெய்வங்களோடு ஹெபெஸ்தசின் உருவத்தையும் பொறித்தார். பின்னர் அதே மன்னர் புத்தர் உருவத்தையும் பொறித்து, யவன எழுத்தில் "போத்தோ" என்று எழுதச் செய்தார். அச்சு வெட்டிய கம்மியர் எந்தத் தெய்வத்தை வணங்கினாரோ அறியோம். தம் தொழில் மரபின் தெய்வத்தையும் நம் பகவானையும் ஒரே கூர்மையோடு வெட்டினார் என்பது நாணயத்தைப் பார்த்தால் தெரிகிறது.

ஆனால் கதையைத் தீட்டுவது எப்போதும் தீங்கற்றது என்று இதனால் எண்ணிவிடலாகாது. மூத்த அன்பர் கடிந்ததில் ஒரு நியாயம் மறைந்திருக்கிறது. அதே ஏதென்ஸ் குன்றின் பார்த்தெனோன் கோயிலைப் பாருங்கள். தென்புறக் கற்பலகைகளில், இடைக்குக்கீழ் குதிரையாகிய செந்தோர்களோடு மனிதர் போரிடுகின்றனர். மேற்புறத்தில் அமேசான் என்னும் வீரப்பெண்களை வெட்டி வீழ்த்துகின்றனர். பாரசீகரை வென்ற செருக்கைப் பழங்கதையின் போர்வையில் காட்டியது இது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பகைவன் பாதி விலங்கு. அவனை மிதிப்பது புண்ணியம். கைவேலையின் அழகு அந்த நஞ்சை இனிப்பாக்கிவிடுகிறது. நம் நாட்டுச் சித்திரங்களிலும் அரக்கர் எந்த நிறத்தில் எழுதப்படுகின்றனர், எவருடைய மூக்கும் உதடும் அவர்களுக்கு இடப்படுகின்றன என்று கண்ணைத் திறந்து பாருங்கள். அந்த நிறத்தில் நம் வீட்டுக் கண்ணாடியில் ஒருவர் தெரிவார்.

யவனருள்ளேயே இதனைக் கண்டவர் ஒருவர் இருந்தார். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தோன்றிய செனோபனீஸ். ஒவ்வொரு நாட்டாரும் தம் சாயலிலேயே தெய்வத்தை எழுதிக்கொள்கின்றனர். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் அவையும் அப்படியே செய்யும் என்பது அவர் எள்ளல். பகவானின் காலத்தை ஒட்டியே கடலுக்கப்பால் இப்படி ஒரு குரல் எழுந்தது நமக்கு மகிழ்ச்சி தருவது.

இப்போது ஹெராக்ளீசிடம் வருவோம். யவனப் புராணத்தின் மாவீரர் அவர். சிங்கத்தைக் கொன்று அதன் தோலைப் போர்த்தவர்; கையில் கதை ஏந்தியவர். தம்மினும் சிறியவனான ஒரு மன்னனுக்குக் கட்டுப்பட்டுப் பன்னிரண்டு வேலைகள் செய்யவேண்டியவரானார். அவற்றுள் ஒன்று, அவுகியாஸ் என்னும் மன்னனின் மாட்டுக்கொட்டில்களைத் துப்புரவு செய்வது. ஆண்டுக்கணக்கில் அள்ளாத சாணம். ஆற்று நீரைத் திருப்பிவிட்டு ஒரே நாளில் முடித்தார். பேசிய கூலியை மன்னன் கொடுக்க மறுத்தான்.

சாணம் அள்ளியவருக்குக் கூலி மறுக்கப்பட்ட கதையை, ஒலிம்பியாவில் அந்தப் பொன் ஜீயஸ் இருந்த கோயிலின் பன்னிரு கற்பலகைகளுள் ஒன்றாகச் செதுக்கி வைத்தார்கள். பீடியாசுக்குச் சில ஆண்டுகள் முந்திய வேலை. வீரர் கருவியை ஊன்றி உடலை வளைத்துத் தள்ளுகிறார். தேவி அதேனா அருகில் நின்று வழி காட்டுகிறாள். துப்புரவு வேலையைக் கோயிற்சுவரில் வீரச்செயலாக வைத்த நாடு வேறு உண்டோ, நான் கண்டதில்லை.

இந்த வீரர் அங்கேயே நின்றுவிடவில்லை. அலெக்சாந்தருக்குப் பின் யவனர் பாக்திரியாவிலும் காந்தாரத்திலும் ஆண்டனர். அவர்களின் ஆட்சி போனபின்னும் அவர்களிடம் பழகிய தொழில் அங்கேயே நின்றது. முதல் சில நூற்றாண்டுகள் பகவானை மனித உருவில் காட்டாமல் பாதச்சுவடு, போதிமரம், வெற்றாசனம் ஆகியவற்றால் காட்டுவதே நம் மரபு. சாஞ்சியில் அவ்வாறே உள்ளது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிக் கற்களிலும் அதனைக் காணலாம். கி.பி. முதல் நூற்றாண்டளவில் காந்தாரத்திலும் மதுரா நகரிலும் மனித உருவம் தோன்றியது. முதலில் செய்தது எது என்று அறிஞர்கள் நூறாண்டாக வாதிடுகின்றனர். அது நமக்கு வேண்டுவதில்லை. காந்தாரத்தில் பகவானுக்கு அருகில் நிற்கும் காவலரைப் பாருங்கள். வச்சிரபாணி என்பது அவர் பெயர். தலையிலோ தோளிலோ சிங்கத்தோல், முறுக்கேறிய உடல், கதைக்குப் பதிலாக வச்சிரம். ஹெராக்ளீசேதான்! இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அத்தகைய சிற்பம் ஒன்று இருக்கிறது. ஆப்கானிஸ்தானத்து ஹத்தாவில் 1970களில் வெளிப்பட்ட ஒரு மாடத்தில் பகவானின் பக்கத்தில் அவர் அமர்ந்திருந்தார். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் அது அழிந்துபோயிற்று. வானத்தைச் சுமந்த அத்லாஸ் என்பவரையும் காந்தாரச் சிற்பிகள் விட்டுவைக்கவில்லை. தூபிகளின் அடித்தளத்தில் குந்தி உட்கார்ந்து பாரம் தாங்க வைத்துவிட்டனர். சுமை மாறியது, சுமப்பவர் அவரே.

வச்சிரபாணி நம் சூத்திரத்தில் எங்கு வருகிறார் என்று தெரியுமா? அம்பட்டன் என்னும் பிராமண இளைஞன் தன் பிறப்பின் செருக்கால் சாக்கியரை இழித்துப் பேசுகிறான். அவன் குலத்தின் தொடக்கத்தைப் பகவான் வினவுகிறார். இருமுறை கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. அப்போது எரியும் வச்சிரத்தோடு அந்த யட்சர் அவன் தலைக்குமேல் தோன்றுகிறார். அஞ்சிய இளைஞன் உண்மையை ஒப்புக்கொள்கிறான். சாதிச் செருக்கின் தலைக்குமேல் நின்ற அந்தக் காவலருக்கு உடல் தேடிய காந்தாரச் சிற்பி, சாணம் அள்ளிக் கூலி கிடைக்காத வீரரின் உடலைக் கொடுத்தார்! தெரிந்து கொடுத்தாரா, பட்டறையில் இருந்த அச்சு அதுதானா, எவர் சொல்ல முடியும்? தெரியாமல் நேர்ந்ததாயினும் எனக்கு அது போதும்.

தமிழில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டாம். மணிமேகலையில், சோழன் பூம்பொழிலில் இருந்த மண்டபத்தை மகதம், மராட்டம், அவந்தி ஆகிய நாட்டு வினைஞர்களும் யவனத் தச்சரும் தமிழ்க் கைவினைஞரோடு சேர்ந்து கட்டினர் என்று சாத்தனார் கூறுகிறார். மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் காதையிலேயே அது வருகிறது. மன்னனின் பெருமையைச் சொல்ல வந்த இடத்தில் தச்சரை எண்ணிச் சொல்லிய புலவர் நம்மவர்.

இவ்வளவையும் அரண்மனைப் படிக்கட்டில் அமர்ந்து, அந்த இளைஞருக்குச் சொன்னேன். வெயில் ஏறிவிட்டது. "அச்சாரத்துக்கு விடை சொல்லவில்லையே ஐயா" என்றார்.

"தம்பி, உறுதிமொழி வணங்குவதைப் பற்றியது. நீர் அந்தப் பலகையை வணங்கப் போகிறீரா?"

"இல்லை ஐயா."

"உபாசகர் செய்யக்கூடாத வாணிகம் ஐந்து என்று பகவான் வகுத்தார். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. இவற்றுள் வண்ணம் இல்லை. இன்னொன்றும் கேளும். தாமரைமேல் திருமகளும் யானைகளும் உள்ள அந்த உருவம் சாஞ்சித் தூபியின் தோரணங்களில் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. அங்கே தெற்குத் தோரணத்தில், விதிசை நகரத்துத் தந்தச் செதுக்கர்கள் இந்தச் சிற்பவேலையைச் செய்தார்கள் என்று பிராமி எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மன்னன் சாதகர்ணியின் கைவினைஞர் தலைவர் ஆனந்தர் என்பவர் பெயரும் அங்கே உண்டு. நம் முன்னோர் கோயிலில் நம் தொழிலாளர் எழுதிய உருவத்தைத்தான் உம்மிடம் கேட்டிருக்கிறார்கள். அச்சாரத்தைத் திருப்பவேண்டாம். ஆனால் அடுத்த பலகையில் அரக்கனைக் கொல்லும் காட்சி கேட்டால், அந்த அரக்கனுக்கு எந்த முகம் எழுதச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளும். நம் மக்கள் முகத்தை எழுதச் சொன்னால் தூரிகையைக் கீழே வைத்துவிடும். அந்தக் கூலி போனால் போகட்டும். சங்கத்து உண்டியலில் பார்த்துக்கொள்வோம்."

மூத்த அன்பரிடமும் இதனையே சொன்னேன். அவர் முழுவதும் ஒப்பவில்லை. வணங்குபவன் பார்க்கும் பலகையை வணங்காதவன் எழுதுவதில் ஒரு கரவு இருக்கிறது என்கிறார். அதற்கு என்னிடம் நல்ல விடை இன்னும் இல்லை. ஆடிப் பௌர்ணமியன்று இருவரையும் வைத்துக்கொண்டே பேசுவோம். அம்பட்ட சூத்திரத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

பலகை முடிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். யானைகளின் துதிக்கை மட்டாஞ்சேரிச் சுவரில் கண்ட கோட்டைப் போலவே ஒரே இழுப்பில் வந்திருக்கிறது. கீழே வலப்பக்க மூலையில், விரலளவு எழுத்தில், தம் பெயரை எழுதியிருந்தார்.